ஹிந்தி தெரியாத எருது

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தமானில் ஓர் எருதுக்கு வலிக்கிறது என்று மேலே இருப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அது வாய்விட்டுக் கத்தியாக வேண்டும். கத்தாத மாடு சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். கத்தவும் இல்லை, வேலையும் செய்யவில்லை என்றால் அது ‘காம்சோர்’, வேலைத்திருடன். மனிதர்களுக்கும் அங்கே இதே சட்டம்தான் என்பதால் மாடுகள் பாரபட்சம் என்று குறை சொல்ல வழியில்லை.

திக்லிபூரில் நான் ஸ்டாக்மேன். மாட்டு டாக்டருக்குக் கீழே, மருந்துப்பெட்டிக்குக் கொஞ்சம் மேலே என்று ஓர் உத்தியோகம். டாக்டர் போர்ட் பிளேரில் இருந்தார்; கப்பலும் மனசும் ஒத்துவந்தால் வருவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். போர்ட் பிளேரில் கப்பல் கட்டும் ஹேடோ ஜெட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா, மகன் மாட்டு வைத்தியம் பார்க்கிறான் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. ‘ஆபீஸ்ல இருக்கான்’ என்பார். அதுவும் பொய்யில்லை. ஆபீஸ் மாடுகள்தான்.

அந்த வருஷம் குடியேறியவர்களுக்கு அரசாங்கத்தில் ஜோடி எருதுகள் கொடுத்தார்கள். மெட்ராஸ் பக்கத்து மாடுகள். ஒரு ஜோடி ஒரு வங்காளிக்குப் போனது. அவர் சொந்த ஊரில் படகோட்டி. விவசாயிக்குத்தான் நிலம் என்றதும் விவசாயி ஆகிவிட்டவர். மேழியைத் துடுப்பு மாதிரி பிடிப்பார். மழை இறங்கிவிட்டது, நாற்றும் தயார். ஆனால் ஜோடியில் ஒரு மாடு, நுகத்தடியை வைத்தால் நாலு எட்டு நடந்து படுத்துவிடுகிறது. இப்போது உழாவிட்டால் அந்த வருஷம் அவர் வீட்டில் நெல் கிடையாது.

குடியேற்றத்தைக் கவனிக்கும் அதிகாரி வயலுக்கே வந்து மாட்டைச் சுற்றி நடந்து பார்த்தார். காயமில்லை, கத்தலுமில்லை. யோசித்து ஒரு முடிவு சொன்னார். “இஸ்கோ ஹிந்தி நஹி ஆத்தா!” மாடு மதராஸி, அதற்கு ஹிந்தி தெரியாது. படகோட்டி வங்காள மொழியில் அதட்டுகிறார், பக்கத்து வயல்காரர் ஹிந்தியில் அதட்டுகிறார். பாவம், அது எதைக் கேட்டு நடக்கும்?

எனக்கு ஆள் வந்தது. ஸ்டாக்மேன் என்று கூப்பிடவில்லை. தமிழன் என்று கூப்பிட்டார்கள். மருந்துப்பெட்டி வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்கள். வழியில் டீக்கடை அண்ணாச்சி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடவே வந்தார். தூத்துக்குடிக்காரர், வேடிக்கை என்றால் விடமாட்டார்.

அதிகாரி நிலைமையை விளக்கினார். அடுத்த கப்பலில் பெரிய அதிகாரி வருகிறார். அதற்குள் மாடு உழ வேண்டும். இல்லாவிட்டால் காம்சோர் என்று எழுதி ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். படகோட்டிக்கு வேறு மாடும் கிடையாது. “போலோ, இதுகிட்ட உங்க பாஷையில சொல்லு.”

சேற்றில் படுத்திருந்த மாட்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஊரே சுற்றி நின்றது.

“என்னப்பா, எந்திரிக்கிறியா?” என்றேன்.

“ஏ தம்பி, மரியாதையாக் கேளும். கெவர்மெண்ட் மாடுல்லா!” என்றார் அண்ணாச்சி.

“நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி.”

“நான் என்னத்தச் சொன்னேன்? எந்த ஊருன்னு கேளும். நம்ம பக்கமா இருந்தா ஒரு டீ குடுப்போம்.”

பேசச் சொன்னதில் ஒரு லாபம். ஒரு மாட்டின் முகத்தை அவ்வளவு நேரம் பார்க்க அந்த ஆபீஸ் அதுவரை யாரையும் விட்டதில்லை. காதுகள் இரண்டும் பின்னால் சாய்ந்து கிடந்தன. கண்ணுக்கு மேலே தோல் இழுத்துக்கொண்டு ஒரு மடிப்பு. மூக்குத்துவாரம் விரிந்து விறைத்திருந்தது. பக்கத்தில் அதன் ஜோடி நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருக்க, இது தாடையை இறுக்கி வைத்திருந்தது. மூச்சைப் பாதி இழுத்து நிறுத்திவிடுகிறது. ஈ மொய்த்தும் வால் அசையவில்லை.

இந்த முகம் எனக்குத் தெரியும். பயிற்சியில் படித்தது என்றுதான் அதிகாரியிடம் சொன்னேன். ஜெட்டியிலிருந்து வந்ததும் அப்பா சுவரில் சாயாமல், சாப்பாட்டையும் மெல்லாமல், இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். வலிக்குதா என்றால் ‘ஒண்ணுமில்ல’ என்பார். அதுவும் சுத்தமான தமிழில்.

விலா மேல் மெதுவாகக் கையை ஓட்டினேன். முன்னங்காலுக்குப் பின்னால் ஓர் இடத்தில் கை பட்டதும் கண்ணின் வெள்ளை தெரிந்தது. உள்ளுக்குள்ளேயே ஒரு முனகல். கப்பலிலிருந்து இறக்கும்போது வயிற்றுக்கடியில் பட்டை கட்டி க்ரேனில் தூக்குவார்கள். பட்டை நழுவி அந்தரத்தில் தொங்கிய மாடுகளைச் சின்ன வயதிலேயே ஜெட்டியில் பார்த்திருக்கிறேன். விலா எலும்பு விரிசல் விட்டிருக்க வேண்டும்.

“சாப், இதுக்கு விலாவுல வலி. முகத்தைப் பாருங்க.”

அதிகாரி மாட்டின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “மாட்டுக்கு ஏது முகம்? மாடு மாதிரிதான் இருக்கு. வலிச்சா கத்தாதா?”

காதைக் காட்டினேன், மூக்கைக் காட்டினேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். படகோட்டி மாட்டையும் மழையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி உட்கார்ந்து, மாட்டின் காதருகே குனிந்து ஏதோ கேட்டேன். கொஞ்சம் காத்திருந்தேன். தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

“சாப், கேட்டேன். கப்பல்ல அடிபட்டுச்சாம். மூச்சு விட்டாலே குத்துதாம். மெடிக்கல் லீவு கேக்குது.”

அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. “அச்சா! இதை முதல்லயே சொல்லக்கூடாதா?” என்று மாட்டைக் கடிந்துகொண்டார். முகம் சொன்னால் நம்ப மாட்டார். வாய்மொழியாக, அதுவும் மொழிபெயர்ப்பாளர் மூலம் வந்தால் தட்ட முடியுமா?

“எவ்வளவு நாள் கேக்குறான்?”

“நெல் நட்டு முடியற வரைக்கும், சாப்.”

லீவு சாங்ஷன் ஆனது. லீவில் போனவருக்குப் பதில் ஆள் போடுவது ஆபீஸ் முறை என்பதால், அரசாங்கப் பண்ணையிலிருந்து ஒரு மாடு பதில் டியூட்டிக்கு வந்தது. படகோட்டி அதை வைத்து வயல் முழுவதும் உழுது நட்டுவிட்டார். பெரிய அதிகாரி வந்து போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்.

அறுப்பு முடிந்த பிறகு ஒருநாள் அதிகாரியோடு அந்தப் பக்கம் போனேன். படகோட்டி வண்டியில் நெல்மூட்டை ஏற்றி, நம் மாட்டை வங்காள மொழியில் வாய்க்கு வந்தபடி ஏசி ஓட்டிக்கொண்டிருந்தார். மாடு கேட்டு நடந்துகொண்டிருந்தது.

அதிகாரி என் தோளைத் தட்டினார். “தேகா? பாத்தியா? லீவுல சும்மா இருக்கல. பாஷை கத்துக்கிட்டான்!”

“ஆமா சாப்” என்றேன்.

வண்டி எங்களைக் கடந்து போனது. நம் மாட்டின் காதுகள் முன்னால் நிமிர்ந்திருந்தன. கண்ணுக்கு மேல் மடிப்பில்லை. வரப்போரம் வண்டி நின்றதும், எங்களைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் அசைபோட ஆரம்பித்தது.