முடிச்சூர் முகாமில் ஒரு பந்தி

போன டிசம்பர் மழையில் மேடவாக்கத்திலிருந்து முடிச்சூருக்குப் போனேன். அங்கே என் அக்கா தனியாக இருக்கிறாள், பள்ளி ஆசிரியை. வாசற்படிக்குத் தண்ணீர் வந்த பிறகும் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று போனில் அடம் பிடித்தாள். காரணம் எனக்குத் தெரியும். முந்தைய வெள்ளத்தின்போது முகாமில் யாரோ ஒரு பிரமுகர் அவள் கையில் பிரெட் பாக்கெட்டைத் திணித்து, "இப்படிப் பாரும்மா" என்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் அவள் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு வரை வந்து சேர்ந்தது.

தாம்பரம் பதினோரு கிலோமீட்டர்தான். பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆக்கியது. மேற்குத் தாம்பரத்தில் ஆட்டோ அண்ணன் முந்நூறு கேட்டார். "தண்ணி எங்க கீதோ அங்க இறக்கி வுட்டுருவேன் சார். அப்பால நீங்க நீந்திக்கினு போங்க" என்றார். சொன்னபடியே இறக்கியும் விட்டார்.

நல்லவேளை, தெருமுனையில் ஒரு படகு நின்றது. அதில் மழைக்கோட்டு போட்ட வி.ஏ.ஓ. அம்மா, அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர். என்னையும் ஏற்றிக்கொண்டார். படகு வீட்டை நெருங்கியதும் அக்கா ஜன்னலிலிருந்தே, "நான் போட்டோவுக்கு நிக்க மாட்டேன்" என்றாள்.

"யாரு அக்கா எடுக்கப்போறாங்க? ஸ்கூல்ல பந்தி போட்டாச்சு. சீக்கிரம் வாங்க, சாம்பார் ஆறிடும்" என்றார் வி.ஏ.ஓ. அம்மா.

கல்யாண வீட்டில் கூப்பிடுகிற அதே குரல். அக்கா கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பள்ளிக்கூடத்து முகாமில் யாரும் பொட்டலத்துக்குக் கை நீட்டவில்லை. பெஞ்சில் இலை போட்டு ஊழியர்களே பரிமாறினார்கள். முகாமுக்குக் கொடுக்கலாம் என்று பிரெட்டும் கையுமாகப் போன என்னையும் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒருவர் போனைத் தூக்கியதும் வி.ஏ.ஓ. அம்மா, "உள்ள வைங்க சார், சாப்பிடுறாங்க இல்ல" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். இந்த மரியாதைக்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதுகூட இல்லை.

உதவப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரெட் அங்கே குவிந்து கிடக்கிறது. நைட்டி, துண்டு, நாப்கின், கொசுவர்த்தி கொண்டு போங்கள். எதுவரை போகும் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அரசாங்கத்தை எதற்கு மதிக்க வேண்டும் என்று கேட்டால், படகு அனுப்பியதை எல்லோரும் சொல்வார்கள். நான் வேறொன்றைச் சொல்வேன். இலையை மூடும்போது அக்கா, "ரசத்துல உப்பு கம்மி மேடம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகாம் சாப்பாட்டில் குறை சொல்கிறாளே.

வி.ஏ.ஓ. அம்மா சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டீச்சருக்கு உப்பு பத்தலயாம். நைட்டுக்குப் பாத்துப் போடுங்கப்பா."