கத்தரிப்பூ நிறத்தில் ஒரு அஞ்சு கம்பி கிட்டார்

இன்றைக்குக் காலையில் மகன் தேனியிலிருந்து போன் போட்டான். அவன் அங்கே உட்கார்ந்தபடி செல்போனில் ஒரு நம்பரை அமுக்கினால், இங்கே எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு பெட்டி மாட்டி வைத்திருக்கிறான். ஓடுகிறதா இல்லையா என்பதையும் அந்தப் போனே அவனுக்குச் சொல்லிவிடுமாம். ஆனாலும் என்னைக் கேட்காமல் அவனுக்கு மனசு ஆறாது.

"யம்மா, தண்ணி வருதா?"

நான் குழாயில் காதை வைத்தேன். முதலில் காற்றுத்தான் ஏறும். அது வெறும் புஸ். அப்புறம் அடியிலிருந்து தண்ணீர் கிளம்பும். அப்போது குழாய் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று பாடும். அது காதுக்கு வருவதற்கு முன்னாடியே தாடை எலும்புக்குத் தெரிந்துவிடும்.

"ஏறிக்கிட்டு இருக்குடா. நீ ஒஞ் சோலியப் பாரு."

போனை வைத்த பிறகும் காதை எடுக்க மனசு வரவில்லை. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். என் கிட்டாரின் அஞ்சாவது கம்பி போடுகிற சத்தம் அது.

கம்பி என்றதும் திராட்சைப் பந்தல் கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். நினைத்தாலும் பாதி சரிதான். என் விரல் தேறியது அந்தப் பந்தல் கம்பியில்தான். அண்ணாந்து நின்று கொடியை இழுத்து இழுத்துக் கட்டி, விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் ஒருநாள், "ஏ புள்ள, இது கிட்டாருக்குன்னே செஞ்ச விரலு" என்றார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அதுவும் காரியமாகத்தான்.

காரியம் இதுதான். அவரும் அவருடைய அண்ணனும் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். பாடுவது, மைக்கில் பேசுவது, வண்டிக்காரரோடு சண்டை போடுவது எல்லாம் மாமா. கீபோர்டு என் வீட்டுக்காரர். பேஸ் கிட்டார் வாசித்தவர் கேரளத்துக்கு ஜீப் ஓட்டப் போய்விட்டார். அவர் விட்டுப்போன நாலு கம்பிக் கிட்டார் எங்கள் வீட்டு மூலையில் நின்றது. வேறு ஆள் கிடைக்காமல், கடைசியில் என் கையில் ஏறியது.

பேஸ் என்றால் பாட்டுக்கு அடியில் தடிமனாக ஒரு சத்தம் போகும் பாருங்கள், அது. கல்யாணப் பந்தலுக்கு நட்ட கால் மாதிரி. யாரும் அதை நின்று பார்க்க மாட்டார்கள். பிடுங்கினால் பந்தல் தலைமேல் வரும்.

எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், நேரம் கிடைத்தால் இப்படி எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுவேன். சுரம் எல்லாம் தெரியாது. மேலிருந்து கம்பியை எண்ணிக்கொள்வேன். முதல் கம்பியில் மூணாவது கட்டம், ரெண்டாவது கம்பி சும்மா, இப்படி. கோலப் புள்ளி மாதிரி ஒருதரம் மனசில் வைத்தால் அப்புறம் அழியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் நான் ஏறாத திருவிழா மேடை கிடையாது. "பொம்பள கிட்டாரு வந்துருச்சுடோய்" என்று கூட்டம் முன்னால் நகர்ந்து உட்காரும்.

அப்புறம் பாட்டுகள் மாறின. கேசட் போய் சி.டி. வந்த நேரம். புதுப் பாட்டுகளில் பேஸ் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. என்னிடம் இருந்த தடித்த கம்பியால்கூட அந்த ஆழத்துக்குப் போக முடியவில்லை. சித்திரைத் திருவிழாக் கச்சேரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கின அன்றைக்கு மாமா வீட்டுக்கு வந்தார்.

"ஆத்தா, கோவிச்சுக்கிறாத. கீபோர்டுல எடது கைய வச்சாலே பேஸ் வந்துரும்னு வெவரந் தெரிஞ்சவுக சொல்றாக. புதுப் பாட்டெல்லாம் கெணத்துக்குள்ள எறங்குது, ஒன் கயிறு எட்டல. இந்தத் தடவ நீ கீழ சேர் போட்டு உக்காந்து பாரு."

"கீழ உக்காந்து பாக்க நான் என்ன விருந்தாளியா மாமா?"

"அப்ப அஞ்சு கம்பிக் கிட்டாரு கொண்டா. அதுல இன்னுந் தடியா ஒரு கம்பி இருக்காம்ல. நாளைக்கு ஒத்திகை. கொண்டாந்தா மேடை ஏறு. இல்லயா, எடது கைதான்."

இடது கைக்குச் சொந்தக்காரர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது. அண்ணன் தெரு திரும்பின பிறகுதான் வாய் திறந்தார். "என் எடது கை சோம்பேறி புள்ள. நீதான் வேணும். புதுசு வாங்க நமக்கு வக்கில்ல, கம்பத்துல ராவுத்தர் கடைக்குப் போவமா?"

ராவுத்தர் கடையில் மைக் செட்டு, ரேடியோ ரிப்பேர் எல்லாம் உண்டு. பக்கத்துக் கடை ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து வந்த மூட்டைகளைப் பிரித்துக் கொட்டியிருப்பார்கள். அந்த வாசனையில்தான் ராவுத்தர் ஈயம் உருக்கி வயர் ஒட்டுவார். ஏலக்காய் வாசனைக்கு உங்களுக்கெல்லாம் பாயசம் ஞாபகம் வரும். எனக்குக் கிட்டார் வரும்.

ராவுத்தர் கோட்டயம் பக்கம் போய், அங்கே சர்ச்சுகளில் வாசித்துப் பழசான கிட்டார்களை வாங்கி வருவார். மறுநாள் காலையில் நாங்கள் போனபோது அஞ்சு கம்பியில் மூன்று வைத்திருந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று கத்தரிப்பூ நிறம். என் வீட்டுக்காரர் நேரே சிவப்பிடம் போய் நின்றுவிட்டார்.

"மேடையில லைட்டு அடிச்சா எப்படி இருக்கும் பாரு!"

"கொள்ளாம், கொள்ளாம்" என்று ராவுத்தரும் மலையாளத்தில் மெச்சினார்.

ஆம்ப்ளிபயரில் வயரைச் செருகிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"சாயங்காலம் வந்துரும் தங்கச்சி. அதுவரைக்கும் அங்கன போயி புரோட்டா சாப்ட்டு வாங்க."

சாயங்காலம் ஒத்திகை. அங்கே வெறுங்கையோடு போனால் எனக்குச் சேர் போட்டு வைத்திருப்பார் மாமா. கரண்ட் கிட்டாரைக் கரண்ட் இல்லாமல் வாசித்தால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். அதிலும் அந்தப் புதுத் தடிக் கம்பிக்குக் கொசுச் சத்தம்கூட இல்லை. என்ன செய்வது? சிவப்பை மடியில் வைத்துக்கொண்டு முழித்தேன். அதன் உடம்பில் மேல்பக்கம் மாட்டுக் கொம்பு மாதிரி மரம் நீண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் தோட்டத்துக் குழாய் ஞாபகம் வந்தது. குனிந்து கொம்பில் தாடையை வைத்து அழுத்தினேன். கம்பியைத் தட்டினேன்.

"ஏ புள்ள, என்ன பண்ற? ரோட்டுல ஆளுக பாக்குறாக."

ராவுத்தருக்குச் சிரிப்பு. "கடிச்சுப் பாத்து வாங்க இது என்ன கரும்பா தங்கச்சி?"

"செத்தப் பேசாம இருங்கண்ணே. கேக்குறேன்ல."

கேட்டது. எலும்பு வழியாக நன்றாகவே கேட்டது. சிவப்பில் நாலு கம்பியும் தங்கம். அஞ்சாவது தொளதொளவென்று ஆடியதே தவிர மரத்துக்குள் இறங்கவில்லை. காற்று ஏறுகிற புஸ்.

"இதுல தண்ணி இல்ல" என்றேன்.

"கிட்டாருக்குள்ள எங்கன தண்ணி?" என்று ராவுத்தர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ரோட்டைப் பார்த்தார்.

கறுப்பில் சத்தம் குறை சொல்ல முடியாது. வாரைத் தோளில் மாட்டி, எழுந்து நின்று கையை விட்டேன். கழுத்துப் பக்கம் கனம் தாங்காமல், பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்கி விழுகிறவர் மாதிரி தலை சாய்ந்துவிட்டது. கச்சேரி முழுக்க நான் இதன் தலையைத் தாங்குவேனா, வாசிப்பேனா? போதாததற்கு அதன் வயிற்றுக்குள் ஒரு பேட்டரியும் போட வேண்டுமாம்.

"கரண்டும் வேணும், பேட்டரியும் வேணுமா? ரெண்டு வீட்டுச் சோறு கேக்குற ஆளு நமக்கு வேணாம்ணே."

கத்தரிப்பூவுக்கு அழகு என்று ஒன்றும் கிடையாது. முதுகெல்லாம் யாருடைய பெல்ட்டோ உரசின கீறல். நெஞ்சில் பாதி கிழிந்த நட்சத்திர ஸ்டிக்கர். கையை விட்டுப் பார்த்தேன், விழாமல் நின்றது. கம்பிகளுக்கு நடுவில் என் பருத்த விரலுக்கு இடம் இருந்தது. தாடையை வைத்துத் தட்டினேன். பல்லில் ஏறி, காதுக்குப் பின்னால் சுற்றி, நெஞ்சுக் குழியில் வந்து நின்றது. 'ம்ம்ம்.' தண்ணீர்!

"இதுதான்."

"அந்தச் செவப்பு..." என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் செவப்பத்தான தேடுனீக. நான்தான வாச்சேன். கெட்டா போயிட்டீக?"

ராவுத்தர் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு விலையிலும் இறங்கினார். திராட்சை ஒரு வெட்டு விற்ற பணத்துக்குள் அடங்கிவிட்டது. உறையைச் சும்மாவே கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் அதை மடியில் நிறுத்தி வைத்திருந்தார். நான் வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதர் மெதுவாக உறைமேல் தாடையை வைத்துக்கொண்டார்.

என் பெருமை ஒத்திகையில் இறங்கியது. நான்தான் மேலிருந்து எண்ணுகிறவளாயிற்றே. புதுக் கம்பி கீழே வந்திருந்தால் பரவாயில்லை. அது வந்து உட்கார்ந்ததோ எல்லாருக்கும் மேலே. பழைய முதல் கம்பி இப்போது ரெண்டாவது. கை அதைக் கேட்குமா? முதல் பாட்டு முழுவதையும் ஒரு கம்பி தள்ளியே வாசித்து முடித்தேன். மாமா மைக்கை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"ஆத்தா, இது எந்தூருப் பாட்டு?"

அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, "ஏலே, எதுக்கும் எடது கையத் தயாரா வச்சுக்க" என்றார்.

மறுநாள் பந்தலுக்கு அடியில் கொடி கட்டிக்கொண்டே யோசித்தேன். வீட்டுக்குப் புதுசாக ஒருத்தி வந்தால் மூத்தவள் பேர் மாறிவிடுமா? நம்பர் போட்டு அழைத்ததுதான் தப்பு. பழைய நாலு கம்பிக்கும் என் கூடப்பிறந்த நாலு பேருடைய பெயரை வைத்தேன். மேலே வந்து உட்கார்ந்தவளுக்கு மோட்டார் என்று பேர். கட்டத்தைச் சொல்லாமல் ஆளைக் கூப்பிட்டதும் விரல் தானாக அவரவர் வீட்டுக்குப் போனது. அன்றைக்குத் தோட்டத்தில் என் அக்காள் தங்கைகளை நான் கூப்பிட்ட கூப்பாட்டைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், "யாரும் வந்துருக்காகளா ஆத்தா?" என்று வரப்பில் வந்து நின்று கேட்டார்.

திருவிழா அன்று மாமா ஒரு சேரைக் கொண்டுவந்து மேடைக்குக் கீழே போட்டார். எனக்குத்தான். நான் அதில் கிட்டார் உறையை உட்கார வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

மூணாவது பாட்டு புதுப் பாட்டு. நடுவில் ஓர் இடத்தில் எல்லாரும் நிறுத்த வேண்டும், பேஸ் மட்டும் தனியாகப் படியிறங்கி அடிக்குப் போகும். அந்த இடம் வந்தது. என் வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கி, ஊரே பார்க்கத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இறங்கி, கடைசியில் மோட்டாரைத் தட்டினேன்.

மேடைப் பலகை உள்ளங்காலில் அதிர்ந்தது. பக்கத்துச் சோடாக் கடையில் பெட்டிக்குள் இருந்த பாட்டில்கள் அத்தனையும் கிணுகிணுவென்று ஒன்றோடொன்று பேசின. முன்வரிசையில் ஒரு பெரியவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த வரியை மாமா எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாட்டையெல்லாம் மறந்து மைக்கிலேயே கேட்டார்.

"ஆத்தா... இன்னொரு தடவ."

விசில் பறந்தது பாருங்கள்! அதற்கப்புறம் அது எங்கள் கச்சேரியில் ஓர் ஐட்டமாகவே ஆகிவிட்டது. எந்த ஊராக இருந்தாலும் அந்த இடத்தில் மாமா நிறுத்துவார், திரும்புவார், கேட்பார். நான் கொஞ்சம் பிகு செய்துவிட்டுத்தான் தட்டுவேன்.

இப்போது திருவிழாவுக்கு ஒரு பையன் லேப்டாப்போடு வருகிறான். எல்லாம் அதிலேயே இருக்கிறது, என் அஞ்சாவது கம்பியும் சேர்த்து. ராவுத்தர் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. சோடாப் பாட்டில்கள் போய்விட்டன. என் வீட்டுக்காரரின் இடது கை மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அதே சோம்பேறித்தனத்தோடு. கத்தரிப்பூ உள்ளறையில் ஆணியில் தொங்குகிறாள். கூடப்பிறந்தவர்கள் நாலு பேரும் துருவேறி அறுந்தாயிற்று. மோட்டார் மட்டும் அறவில்லை. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

காலையில் குழாய் நன்றாகப் பாடியது. பாத்தி நிறைந்தது அவனுடைய போனுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, தேனியிலிருந்தே நிறுத்திவிட்டான். சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. நான் காதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். 'இன்னொரு தடவ' என்று மாமா கேட்கிற இடம் அது.