படத்தின் பின்பக்கம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, திருவண்ணாமலை செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டில் நடந்தது இது. மாடி அறையில் வெகுகாலம் வாடகைக்கு இருந்த பிரெஞ்சுப் பெண்மணி, உடம்பு முடியாமல் ஊர் திரும்பியபோது, தன் சுவரில் மாட்டியிருந்த சின்ன ஓவியத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆற்றங்கரையில் நான்கு மரங்கள். கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டுகள். தள்ளி நின்றால் தண்ணீரில் வெயில் மினுங்கும். அவர் ஊரில் ஏதோ பழைய சாமான் கடையில் வாங்கியதாம்.

சட்டம் உளுத்திருந்ததால் பிரேம் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“டீச்சர், பின்னாடி ஏதோ சீட்டுங்க ஒட்டியிருக்குது. சீல்கூட குத்தியிருக்குது. அப்படியே வுட்டுடட்டுமா?”

“பூச்சி அரிச்ச குப்பைங்க அது. எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு புது பிளைவுட் அடிச்சுக் குடுங்க” என்றேன்.

இரண்டு வருடம் கழித்து, எழுபது வயதிருக்கும் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வாசலில் வந்து நின்றார். என் பழைய குடித்தனக்காரர் இறந்துவிட்டாராம். அவருடைய உறவினர்கள் இணையத்தில் போட்ட எங்கள் மாடி அறைப் படத்தில் இந்த ஓவியத்தைப் பார்த்து, அவர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் இவர். பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் எடுத்துக் காட்டினார். அதில் அவருடைய அம்மா ஐந்து வயதுக் குழந்தையாக நிற்கிறார். பின்னால் சுவரில் அதே ஆற்றங்கரை. இரண்டாம் உலகப்போரில் படையினர் அந்த வீட்டையே சூறையாடிவிட்டார்களாம். குடும்பத்தில் அம்மா மட்டும்தான் பிழைத்தாராம். ஓவியம் யார் யார் கை மாறிப் போனது என்று பல வருடங்களாகத் தேடி வருகிறார்.

ஓவியத்தை ஆசையாக வாங்கித் திருப்பினார். புத்தம்புது பிளைவுட். அவர் முகம் வாடிப்போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

“இதில் காகிதங்கள் ஒட்டியிருந்தனவா? என்ன எழுதியிருந்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளின் கோழிக் கிறுக்கலையெல்லாம் திருத்தியவள், அந்தச் சீட்டில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஆட்டோ பிடித்து அவரை பிரேம் கடைக்கு அழைத்துப் போனேன்.

“அன்னிக்கே குப்பை வண்டில போயிடுச்சுங்களே டீச்சர்” என்றார் கடைக்காரர். ‘நான் அப்பவே கேட்டேனே’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

வீடு திரும்பியதும், “சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே எடுத்துப் போங்கள்” என்று ஓவியத்தை அந்தப் பெண்மணியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இதை வரைந்த ஓவியர் இதே ஆற்றங்கரையைப் பல தடவை வரைந்திருக்கிறாராம். அந்தச் சீட்டுகளும் சீலும் இருந்திருந்தால், இது எந்த வீட்டில் இருந்த படம் என்று தெரிந்திருக்கும். “இது வேறொரு குடும்பத்தினுடையதாகவும் இருக்கலாம். அவர்களும் என்னைப்போல் தேடிக்கொண்டிருப்பார்கள்” என்று மெல்லச் சொல்லி, என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

ஓவியம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அது யாருடையது என்பதை இனி ஒருவராலும் சொல்ல முடியாதபடி செய்தவள் நான்தான் என்ற உறுத்தல், அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.