பாய்க்கு 'ஆம்', எனக்கு 'இல்லை'

இன்று காலை சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த விமானத்தில் என் பக்கத்தில் பழவேற்காட்டுப் பாய் ஒருவர். அறுபது வயதிருக்கும். பன்றிக் காய்ச்சல் பயத்தில் எல்லோரும் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தோம்.

இறங்கும் முன் உடல்நிலை பற்றிய படிவம் கொடுத்தார்கள்.

"தம்பி, எனக்கு இங்கிலீஷு வராது. நீயே எழுதிடுப்பா."

"காய்ச்சல், இருமல் எதனா இருக்குதா பாய்?"

"ரெண்டு நாளா இருமல் கீது. இருக்கிறத அப்பிடியே எழுது."

அவருக்கு 'ஆம்' என்று எழுதினேன். எனக்கு இருமலோடு காய்ச்சலும் இருந்தது. மாத்திரை போட்டு அடக்கியிருந்தேன். எனக்கு 'இல்லை' என்று எழுதினேன்.

சென்னையில் அவரைத் தனியாக அழைத்துப் போனார்கள். என்னை விட்டுவிட்டார்கள்.

வெளியே அவர் மகன், "எங்கப்பா, பழவேற்காடு பாய், வந்தாரா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டேன்.

புதுவாயலில் வீட்டு வாசலுக்கு ஓடிவந்த மகளைத் தூக்கவில்லை. கை வரவில்லை. படிவத்தில் எழுத பாய் தந்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

"பாய், எனக்கும் காய்ச்சல் இருந்திச்சு. நான் எழுதல."

"தெரியும்ப்பா. பக்கத்துலதான உக்காந்துகினு இருந்தேன். ஊட்ல கொழந்த கீதுன்னியே, மொதல்ல போய் டாக்டர பாரு."

அவர் திட்டியிருக்கலாம்.

மதியமே போய் டெஸ்ட் கொடுத்துவிட்டேன். ரிசல்ட் வரும்வரை தனி அறை. மகள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

பாய் விட்டுவைத்த திட்டை இதைப் படிக்கும் நீங்கள் யாராவது கீழே கமெண்டில் எழுதுங்கள். நேரில் மட்டும் வர வேண்டாம்.