நேசன் அண்ணாவும் நிரப்பாத ஆறு பீப்பாய்களும்

செய்தி வந்த நேரத்தில் நான் நேசன் அண்ணாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நேரில் இல்லை, கைபேசியில். செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். முந்தின நாள் வேலையிடத்து நிலவறைச் சாவியை மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டு, "அண்ணா, இது எத்தனாவது தடவை?" என்று குறுஞ்செய்தி தட்டிக்கொண்டிருந்தேன். அனுப்புவதற்குள் அவர் மனைவி ரஞ்சி அக்காவின் அழைப்பு வந்தது. "கலா, அவர் போயிட்டார். விடிய எழும்பி முகம் கழுவப் போனவர், அப்பிடியே விழுந்திட்டார். அம்புலன்ஸ் வந்தது. ஒண்டும் செய்யேலாமப் போச்சு." அதற்கு நான் சொன்ன முதல் வார்த்தை, "சாவி அவர்கிட்டதானே இருக்கு?" என்பது. வாயில் அதுதான் வந்தது. ரஞ்சி அக்கா அதற்கும் பதில் சொன்னார்: "ஓம், சட்டைக்குள்ள இருக்குது. எடுத்து வைக்கிறன்."

இதைப் படிக்கிற உங்களில் பலர் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தீர்கள். கோயில் திருவிழாவில் பந்தல் கட்டியவராகவும், தமிழ்ப் பள்ளி விழாவில் நாற்காலி அடுக்கியவராகவும் அவரை உங்களுக்குத் தெரியும். அன்று மண்டபத்தில் மூன்று பேர் என்னிடம் வந்து, "நேசன் என்ன வேலை செய்தவர், ஏதோ தோட்டம் எண்டு சொன்னாங்கள்" என்று கேட்டார்கள். ஏதோ தோட்டமாம். இருபது வருடம் பழகியவர்கள் கேட்ட கேள்வி அது. வந்த கோபத்தை அங்கே விழுங்கிவிட்டேன், இங்கே விழுங்கப் போவதில்லை. அவர் வைன் செய்தார். மெல்பேர்னுக்குக் கிழக்கே, யாரா பள்ளத்தாக்கில், ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாத ஒரு திராட்சைப் பண்ணையில், பெயர் சொல்லும்படியான வெள்ளை வைன் செய்தார். அங்கே பதினொரு வருடம் அவரோடு சண்டை போடுகிற வேலை எனக்கு. சம்பளம் ஆய்வுக்கூட வேலைக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்ஸுக்கு அகதியாகப் போனவர் அவர். பாரிஸில் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு செப்டம்பர் மாதம் யாரோ திராட்சை பறிக்கக் கூப்பிட பர்கண்டி பக்கம் போனார். பறித்து முடிந்ததும் எல்லோரும் திரும்பினார்கள், இவர் திரும்பவில்லை. பீப்பாய் கழுவும் வேலையில் சேர்ந்து ஆறு வருடம் இருந்தார். பிறகு அடுத்த பிரதேசமான ஜூராவுக்குப் போய் இன்னும் நான்கு வருடம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவில் ஒரு சமவெளி, காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் செய்முறையில் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி வீடுகள். பீப்பாயில் இருக்கும் வைன் மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக் குறையும். பர்கண்டிக்காரர்கள் குறைந்ததை உடனே நிரப்புவார்கள், காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று. ஜூராக்காரர்கள் ஒரு வகை வைனை வேண்டுமென்றே நிரப்பாமல் விடுவார்கள். பால் ஆறினால் ஆடை படிவதுபோல அதன் மேல் ஈஸ்ட் ஓர் ஆடையாகப் படியும். அந்த ஆடைக்கு அடியில் ஆறு வருடம் மூன்று மாதம் கிடக்க வேண்டும். இந்த இரண்டு வழியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, இரண்டையும் ஒரே புட்டியில் கலந்தவர் நீங்கள் நாற்காலி அடுக்கியவராக அறிந்த நேசன்.

நான் கோயமுத்தூரில் நுண்ணுயிரியல் படித்தவள். காற்றுப் பட்டால் என்ன ஆகும் என்பதை எனக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், திங்கட்கிழமை, பீப்பாய்களை நிரப்பிக்கொண்டே போனேன். கோடியில் பாதி காலியாகச் சில பீப்பாய்கள் நின்றன. இவ்வளவு அலட்சியமா என்று கேனைத் தூக்கியபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து கேனைப் பிடித்தது. "தொடாதேங்கோ," என்றார். "இது பாதி காலியா இருக்குங்க." "ஓம். நான்தான் காலியா விட்டனான்." விளக்கம் கேட்டேன். "தன்ர பாட்டில வரட்டும் கலா. கை சும்மா இருக்கிறதும் வேலைதான்," என்று சொல்லிவிட்டுக் கேனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரிடமிருந்து முழு விளக்கம் வர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

பண்ணையின் மற்ற வழக்கங்களை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இலையுதிர் காலத்தில் மாட்டுக் கொம்புக்குள் சாணத்தை அடைத்துப் புதைப்பார்கள், வசந்தத்தில் தோண்டி எடுத்து, ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்கித் தோட்டத்தில் தெளிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. நிலாவைப் பார்த்து நாள் குறித்த ஒரு காலண்டர் உண்டு. பழ நாள், இலை நாள், பூ நாள், வேர் நாள். வேர் நாளில் வைனை ருசி பார்க்கக் கூடாதாம். வீட்டில் மாமியார் ராகுகாலம் பார்ப்பார், கிளென் வேவர்லியிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வேலைக்கு வந்தால் இவர் வேர் நாள் பார்ப்பார். நான் எங்கேதான் போவது? ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன்: "இதையெல்லாம் நிஜமாவே நம்புறீங்களா அண்ணா?" "நம்பிறனோ இல்லையோ, நாள் பாக்கிறவன் ஒவ்வொரு நாளும் தோட்டத்துக்குள்ள போறான். நீங்கள் கடைசியா எப்ப போனனீங்கள்?" என்றார். நான் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. இப்படிப்பட்ட பதிலோடு எப்படித்தான் வாதாடுவது.

என் அம்மா இறந்தபோது என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். நான் ஊரில் இருந்த மூன்று வாரமும் என் பதிவேட்டை அவரே எழுதியிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அத்தனையும் தப்பு. வெப்பநிலையை அமிலக் கட்டத்திலும், அமிலத்தைத் தேதிக் கட்டத்திலும் போட்டிருந்தார். ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்பட. அதைத் திருத்தி எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. திட்டிக்கொண்டேதான் எழுதினேன்.

இனி அந்த ஆறு பீப்பாய்கள். எங்கள் பண்ணையின் வைனில் கலப்பதற்கு ஆடைக்கு அடியில் இரண்டு வருடம் கிடந்தது போதும், அது நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தது. இவருக்கு அது போதவில்லை. முழு ஆறு வருடம் மூன்று மாதம் விட வேண்டும் என்று உரிமையாளர் கிரெக்கிடம் மன்றாடி ஆறு பீப்பாய்களை ஒதுக்கி வாங்கினார். நான்காவது வருடம் நான் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன். ஆடை வைனுக்கு வெந்தய வாசனை வர வேண்டும், வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலாம் பீப்பாயில் அந்த வெந்தயத்துக்கு அடியில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை இருந்தது. அளந்து பார்த்தேன், அமில அளவும் ஏறியிருந்தது. "அண்ணா, இது வினிகர் ஆகப் போகுது. சொல்றதைக் கேளுங்க," என்றேன். குனிந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "ஆறிலயும் இதுதான் திறம்," என்றார். "இண்டைக்கு வேர் நாள் வேற. உங்கட மூக்கு படிச்ச மூக்கு கலா, அதுக்குத்தான் இவ்வளவு அவசரம்."

அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க பிடிவாதத்துக்குப் பாரம்பரியம்னு பேர் வச்சிருக்கீங்க," என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் கிரெக்குக்கு அறிக்கையும் எழுதினேன். நாலாவதில் அமிலம் ஏறுகிறது, மற்றவற்றுக்கும் பரவும் அபாயம் உண்டு, ஆறையும் வினிகர் செய்கிறவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது என்று இரண்டு பக்கம். கிரெக் எங்கள் இருவரையும் உட்கார வைத்து அதை வாசித்தார். நேசன் அண்ணா பாதியிலேயே சிரித்துவிட்டார். "கலா எழுதினது முழுக்கச் சரி. நான் செய்யிறதும் சரி," என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தச் சிரிப்பிலேயே கிரெக் மடங்கிவிட்டார். பீப்பாய்கள் தப்பின. வெளியே வந்து அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

அவர் போய் இரண்டு வாரம் கழித்து கிரெக் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என்னுடைய அறிக்கை. இடம் வேண்டும், புதிய அறுவடைக்குப் பீப்பாய் வேண்டும், அதோடு நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். கெட்ட மனிதர் இல்லை, நேசன் அண்ணாவுக்காக மண்டபத்தில் அழுதவர். என் வரிகளையே எனக்கு வாசித்துக் காட்டினார். நன்றாக எழுதியிருந்தேன். ஒரு வரியிலும் ஓட்டை இல்லை. ஆனால் இந்த முறை யாரும் பாதியில் சிரிக்கவில்லை. அந்த மனிதர் சாகும்வரை ஜெயிக்காத என் வாதம், அவர் செத்த பதினைந்தாம் நாள் எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்தது. அறிக்கை சரிதான், ஆனாலும் பீப்பாய்களைக் கொடுக்காதீர்கள் என்றேன். ஏன் என்றார். எழுதியதற்கு எதிராக ஒரு காரணம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு," என்பதையே நான்கு விதமாகத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். கடைசியில் மூன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்லதாக மூன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள், உங்கள் மூக்கை நம்புகிறேன் என்றார்.

மறுநாள் காலை ஆறு கிண்ணங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்தேன். காலண்டரில் அன்று என்ன நாள் என்று பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. இரண்டும் ஐந்தும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நன்றாக இருந்தன, ஒன்றும் ஆறும் சுமார். மூன்றாவதும் நல்ல வைன், சுத்தமாக, அழகாக, என்னைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும்படி இருந்தது. நாலாவதில் அந்த வாசனை போகவில்லை. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது என்றுகூடச் சொல்வேன். மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கிரெக்குக்கு மூன்று எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, ரஞ்சி அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்த ஆறும் என்ன மாதிரி கலா?"

"மூணு போயிருச்சு அக்கா. மூணை வச்சிருக்கோம்."

"எது மூண்டு?"

"ரெண்டு, நாலு, அஞ்சு."

"நாலோ? அது கெட்டுப்போச்சு எண்டெல்லோ நீங்கள் சொன்னனீங்கள். அவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர்."

"ஆமாக்கா. இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேசன் அண்ணாவைத் தெரிந்தவர்களே, அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, காலண்டர்மேல் நம்பிக்கையும் வரவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது நான் நம்பாத ஒரு பீப்பாயைத்தான். நல்ல வைன் ஒன்றை வினிகருக்கு அனுப்பிவிட்டு இதை வைத்திருக்கிறேன். எனக்கு இருக்கிற ஆத்திரமெல்லாம் இதுதான்: இரண்டு வருடம் கழித்து அது கெட்டிருந்தால், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கேட்க ஆள் இல்லை. நன்றாக வந்திருந்தால், தோற்றுப்போனேன் என்று போய் நிற்கவும் ஆள் இல்லை. பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட அவரிடம் நான் தோற்க ஆசைப்பட்டதில்லை. இப்போது ஆசைப்படுகிறேன், அண்ணா.