மஞ்சள் அட்டைக்கு மூன்று நாள்

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் முனிலட்சுமிக்குச் சரக்கைச் சோதிக்கிற வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டவள். வாய் திறக்கக் கூச்சம், ஆனால் கண் தப்பாது. விளக்கடியில் ஒவ்வொரு வாஷராகத் திருப்பிப் பார்ப்பாள். நல்லதற்குப் பச்சை அட்டை, கெட்டதற்குச் சிவப்பு. சந்தேகத்துக்கு மஞ்சள், அதை ‘ஹோல்ட்’ என்பார்கள். ஹோல்டில் போட்டது மூன்று நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது. அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

மோல்டிங் மெஷினில் நிற்கும் மத்தூர்க்காரன் கௌதம், ஆறு மாதமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பான், சிரிப்பான், ட்ரேயை வைத்துவிட்டுப் போவான். என்றைக்காவது கேட்பான் என்று அவளும் காத்திருந்தாள். வீட்டிலோ அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ட்ரேயோடு வந்தவன், "ஓசூர்ல ஒரு காதல் படம் ஓடுதுங்க. எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க. பாருங்க. நான் சொல்ல நெனைக்கறது அதுல இருக்குது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தோழி ஜைபாவோடு போனாள். படத்தில் மழை பெய்துகொண்டே இருந்தது. பேருந்து நிலையத்தில் நாயகன் ஒரு பக்கம், நாயகி ஒரு பக்கம். டீ ஆறியது. கண்ணாடியில் ஒரு துளி மெல்ல இறங்கி, இன்னொரு துளியின் அருகே போய் நின்றது. ஏசிக் குளிரில் முனிலட்சுமியும் அந்த மழைக்குள் மிதந்தாள். இப்போது கேட்பான், இதோ கேட்டுவிடுவான். அவன் கேட்கவே இல்லை. நாயகி பஸ் ஏறிப் போனாள். அரங்கில் விளக்கு எரிந்தது.

ஜைபா கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "முடிஞ்சிருச்சாடி? சேந்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் தூங்குனதுல நட்டமில்ல."

முனிலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும் பஸ்ஸில், கம்பெனிச் சுவர்கள் அந்தப் படத்து மழைபோலவே முடிவில்லாமல் நகர்ந்தன. இதையா சொல்ல நினைத்தான்? பிடிக்கவில்லை என்று சொன்னால், எட்டாவது படித்தவளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பான். பிடித்தது என்றால் இன்னும் ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருப்பான்.

திங்கட்கிழமை ட்ரேயோடு வந்தான். "படம் எப்படிங்க?"

"புடிக்கலீங்க."

அவன் முகம் சுருங்கியது. "ரொம்ப மெதுவா போவுதுங்களா?"

"மெதுவா போனா என்னங்க, நான் நாள் முழுக்க வாஷரத்தான பாக்கறேன். அந்த ஆளு கடசி வரைக்கும் அவள ஹோல்டுலயே வெச்சிருந்தான். இங்கயே மூணு நாளுக்கு மேல வெக்க உடமாட்டாங்க."

இவ்வளவு பேசியது தானா என்று அவளுக்கே காது சுட்டது. கௌதம் மஞ்சள் அட்டைகளைப் பார்த்தான். மெஷின் பக்கம் நாலு எட்டு வைத்தான். திரும்பி வந்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழம எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு உங்க ஊட்டுக்கு வரட்டுங்களா?"

முனிலட்சுமி கையிலிருந்த வாஷரை விளக்கடியில் ஒருமுறை திருப்பினாள். இன்னொரு முறை திருப்பினாள். அதில் குறை எதுவும் இல்லை.

"என்னங்க, ஹோல்டுங்களா?"

"வாங்க" என்றாள், வாஷரிடம் சொல்வதுபோல.