டிராப்புக்கு எத்தனை எதிர்ச்சொல்

மணிவேலுவின் வயிற்றெரிச்சல் அடி அண்ணாமலை முழுக்கப் பிரசித்தம். எட்டாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள் என்று, தனக்கும் கண் தெரியவில்லை என ஒரு வாரம் சுவரில் முட்டிக்கொண்டு திரிந்தவன். மச்சான் வீட்டு மாடு இரட்டைக் கன்று போட்டபோது அந்த வீட்டு மோரைக்கூடத் தொடவில்லை. இப்போது வயது நாற்பத்தாறு. செங்கம் ரோட்டு ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறான். எரிச்சல் மட்டும் அதே இளமையோடு இருக்கிறது.

இப்போதைக்கு அது அமான் மேல். அமானும் ஆட்டோக்காரன்தான், ஆனால் இங்கிலீஷ் கொட்டும். மணிவேலுவிடம் இருந்ததோ ஆள் ஏற, இறங்கப் போதுமான இங்கிலீஷ்: பிக்கப், டிராப், வெயிட், கோ.

இங்கிரிட் என்ற ஜெர்மன்கார அம்மா ஞாயிறு தவிர தினமும் தியானத்துக்கு ஆசிரமம் போவார். காலையில் அமான் வண்டி, சாயங்காலம் மணிவேலு வண்டி. அந்தக் காலைச் சவாரியும் தனக்கே வேண்டும் என்பதுதான் மணிவேலுவின் ஒரே தவம். அமான் வண்டியில் பேச்சு ஓயாமல் கேட்கும். இவன் வண்டியில் அந்த அம்மா ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார்.

“கண்ணாடில உங்க மூஞ்சி தெரியுதில்ல, மூடாம இன்னா பண்ணுவாங்க?” என்றாள் பெண்டாட்டி அருணாதேவி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இங்கிரிட் இறங்கிக்கொண்டே சொன்னார்: “மணி, மண்டே ஐ டிராப் அமான்.”

மணிவேலுவுக்குக் காது அடைத்தது. அந்த அம்மா போன வாரம்தான் ஸ்கூட்டர் ஓட்டப் பழகியிருந்தார். அவர் ஓட்ட, பின்னால் அமான் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து கிரிவலப் பாதையில் போகிற காட்சி கண் முன்னால் ஓடியது. ஊரையே கொண்டுபோய் விட்டவன் இவன்; இவனை ஒரு நாள் ஒருத்தராவது எங்காவது கொண்டுபோய் விட்டதுண்டா?

அவர் அடுத்த வார்த்தைக்கு வாய் திறப்பதற்குள் இவன் குதித்தான். “யூ டிராப் அமான்? ஐ ஆல்சோ டிராப் யூ! மண்டே! ஃபுல்லா டிராப்!”

எங்கே வேண்டுமானாலும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்பது அவன் அர்த்தம். இங்கிரிட் முகம் வாடிவிட்டது. “யூ டூ?” என்றார்.

“மீ டூ! மீ டூ!”

அவர் கைகூப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை இங்கிரிட் அதே ஸ்டாண்டுக்காரன் சடையன் வண்டியில் போனார். சடையனுக்குத் தெரிந்த ஒரே அந்நிய பாஷை ஹாரன். ஸ்டாண்டில் அமான் டீயோடு நின்றிருந்தான்.

“இன்னா பாய், ஸ்கூட்டர்ல டிராப் பண்ணலியா ஒன்ன?” என்றான் மணிவேலு.

“ஸ்கூட்டரா? என்னியே டிராப் பண்ணிட்டாங்கண்ணா.”

“எங்க?”

“எங்கியும் இல்ல. வாணாம்னு வுட்டுட்டாங்க. நான் ஜாஸ்தி பேசறனாம். மணி வண்டிலதான் நிம்மதி, இனிமே ரெண்டு வேளையும் அவர்தான்னு சொன்னாங்களே?”

மணிவேலு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“டிராப்னா ஒண்ணே ஒண்ணாண்ணா?” என்றான் அமான். “சவாரிய டிராப் பண்ணா, அதுக்கு எதிரு பிக்கப். ஏரித்தண்ணி டிராப் ஆனா, எதிரு ஏர்றது. ஆள டிராப் பண்ணா, எதிரு கீப். கூடவே வச்சிக்கிறது. நீ எத சொன்ன?”

“ஃபுல்லான்னு சொன்னேன்.”

அமான் டீயைத் துப்பிவிட்டான்.

அன்று சாயங்காலமே மணிவேலு இங்கிரிட் வீட்டு கேட்டில் நின்றான். “மேடம், நோ டிராப். கீப். ப்ளீஸ் கீப் மீ.”

அவர் வெகுநேரம் சிரித்தார். சடையனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, காலை அவனுக்கே. சாயங்காலம் பழையபடி மணிக்கு.

மறுநாள் மணிவேலு சடையனை மடக்கினான். “ஏன்டா, ஒன் வண்டிலயும் அந்தம்மா கண்ண மூடிக்கினு தியானம் பண்றாங்களா?”

“தியானம் இன்னா தியானம்? ஏறி ஒக்காந்ததும் கொறட்டதான் வுடறாங்க.”

மணிவேலுவுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. தன் வண்டியில் அந்த அம்மா ஒருநாள்கூடக் குறட்டை விட்டதில்லை.